பதினாலாவது வளைவும் அரை மணி நேரமும்

“ஏனுங்க டாக்டரம்மா, சாப்பிடறதுக்கு முந்தி பல்லு வெளக்கோணுங்களா, சாப்பிட்டுப்போட்டு வெளக்கோணுங்களா?”

ஏற்காட்டில் பல் மருத்துவராக இருந்த வருஷங்களில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். பல் பிடுங்க வந்தவர் கேட்பார். பிடுங்கி முடித்து வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு, பாதி சைகையிலும் கேட்பார். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தால் பக்கத்தில் வந்து நின்று கேட்பார். இப்போது இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களையும் கேட்பார்கள். பாடத்தில் படித்த பதில் உங்கள் நாக்கு நுனியிலேயே நிற்கும். தயவுசெய்து உடனே எடுத்து நீட்டிவிடாதீர்கள். ஏன் என்று சொல்வதற்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பதில் என்னவோ சின்னதுதான். காலையில் எழுந்ததும் காபிக்கு முன்னாலேயே விளக்கிவிடலாம். ராத்திரி சாப்பாடெல்லாம் முடிந்து படுப்பதற்கு முன்னால் கட்டாயம் விளக்க வேண்டும். புளிப்பாக எதையாவது சாப்பிட்டிருந்தால் மட்டும் உடனே பிரஷ்ஷைத் தூக்கக் கூடாது. வெறும் தண்ணீரில் நன்றாகக் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். புளிப்பு பட்டதும் பல்லின் மேல்பூச்சு கொஞ்ச நேரம் இளகிக் கிடக்கும், நம் எச்சில்தான் அதை மெதுவாக இறுக்கிக் கொடுக்கும். அதற்குள் தேய்த்தால், அடித்த சுண்ணாம்பு காய்வதற்குள் சுவரைத் துணியால் துடைத்த கதைதான். இவ்வளவுதான் பாடம். இதை நீங்கள் எல்லோரும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவீர்கள், சந்தேகமே இல்லை.

நானும் ஒப்பித்துக்கொண்டுதான் இருந்தேன். மிஷன் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் ஒரு சின்ன அறை, ஒரு நாற்காலி, அடிக்கடி போய்விடும் கரண்டு, அதுதான் என் ராஜ்ஜியம். சேலத்திலிருந்து வந்த புதிதில் ஆரஞ்சு சீசன். எஸ்டேட்டில் பழம் பறிக்கும் பெண்கள் உதிர்ந்த பழத்தை நாள் முழுக்கத் தின்பார்கள், பல் கூசுகிறது என்று வருவார்கள். ஒரு அம்மாளிடம், பழம் தின்றதும் விளக்காதே, அரை மணி நேரம் பொறு என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“நல்லாச் சொன்னீங்க போங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு உடற நேரமே அரை மணிங்க. அதுல தின்னு, கொப்பளிச்சு, பொறுத்து, அப்புறம் வெளக்கறதுக்குள்ள ஆள்கணக்கு எழுதற ரைட்டரு எம்பேர வெட்டிப்போடுவாருங்க.”

நான் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அவள் சொன்னதன் கனம் எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. விளங்க வைத்தவர் ஒரு பஸ் கண்டக்டர்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அவர் பெயர் சின்னப்பன். சேலத்திலிருந்து ஏற்காடு வழியாக வாழவந்திக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ‘பல்பொடி கண்டக்டர்’ என்பார்கள். பஸ் மலையேறி வந்து ஏற்காடு ஸ்டாண்டில் நின்றதும் எல்லோரும் டீக்கடையைப் பார்த்து ஓடுவார்கள். இவர் மட்டும் குழாயடிக்குப் போய், சட்டைப் பையிலிருந்து பிரஷ்ஷும் பல்பொடிப் பொட்டணமும் எடுத்து, கரகரவென்று பல் விளக்குவார். ஒவ்வொரு தடவை மேலே வரும்போதும் விளக்குவார். “கண்டக்டருக்கு என்னடா, சேலத்துல பொண்ணு பார்த்து வெச்சிருக்காங்களா?” என்று டீக்கடைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அவர் வாய் நிறைய நுரையோடு தலையை மட்டும் ஆட்டுவார்.

ஊரிலேயே அதிகமாகப் பல் விளக்கும் அந்த மனிதர்தான் ஒரு நாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். குழாய்த் தண்ணீர் பட்டால் கூச்சம் உச்சந்தலை வரை ஏறுகிறதாம். இட்லிகூட ஆறிய பிறகுதான் தின்ன முடிகிறதாம்.

கல்லூரியில் எங்களுக்கு ஒரு பேராசிரியர் இருந்தார். சிடுசிடுவென்று இருப்பார். நோயாளி வாயைத் திறந்ததும் நாங்கள் முன்பல்லைப் பார்த்து ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், “முன்னால இருக்கிறதை அவன் பொண்டாட்டியே பார்த்துச் சொல்லிடுவா. நீ பின்னால பாரு” என்று கத்துவார். அந்தப் பழக்கத்தில், கண்ணாடியை மேல்பல்லின் உள்பக்கம் வைத்துப் பார்த்தேன். எனக்குச் சுரீர் என்றது. முன்பற்களின் பின்புறம் முழுக்கத் தேய்ந்து, வாயில் போட்டுச் சப்பிய மிட்டாய் மாதிரி வழவழவென்று கிடந்தது. ஓரங்கள் மெலிந்து வெளிச்சம் ஊடுருவியது. கீழ்ப்பற்கள் அவ்வளவு மோசமில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அப்படித் தேய்ந்தால் வயிற்றிலிருந்து மேலே வருகிற புளிப்பு அடிக்கடி படுகிறது என்று அர்த்தம். “வாந்தி அடிக்கடி வருமாங்க?” என்று நேராகக் கேட்டேன்.

மனிதர் முகம் மாறிவிட்டது. “இல்லீங்க. அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க” என்று எழுந்து போயே போய்விட்டார்.

குடிக்கிற ஆளாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றியது உண்மை. மலையில் சாராயம் கிடைக்காத மூலை கிடையாது. குடித்துவிட்டு வாந்தி எடுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் இவர் கை நடுங்கவில்லை, கண் தெளிவாக இருந்தது, ஈறு சுத்தமாக இருந்தது. கேள்வியை நான் கேட்ட விதம்தான் சரியில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

பல் கூச்சம் தாங்காமல் சில நாள் கழித்து மறுபடி வந்தார். இந்தத் தடவை நான் வாந்தி என்ற பேச்சையே எடுக்கவில்லை. “காலையில எந்திரிச்சதிலிருந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன பண்றீங்க, ஒண்ணு விடாமச் சொல்லுங்க” என்றேன். மனிதர்களுக்குத் தங்கள் வேலையைப் பற்றிச் சொல்வதில் கூச்சம் இருப்பதில்லை. விடிவதற்குள் எழுவது, பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கி வைப்பது, முதல் வண்டி எடுப்பது, சேலத்தில் இறங்குவது எல்லாம் சொன்னார். “அப்புறம் மேல ஏறுவோமுங்க. அடிவாரம் தாண்டினா வளைவு வளைவாப் பெண்டு ஆரம்பிச்சுருமுங்க. அங்கங்க ஆளு ஏறும், குனிஞ்சு டிக்கெட்டு கிழிச்சுக் குடுக்கோணும். பதினாலாவது பெண்டு வந்தா...” என்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

நான் என் பாட்டில் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தேன்.

“பதினாலாவது பெண்டு வந்தா எனக்கு வாந்தி வந்துருமுங்க” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. “மலையிலயே பொறந்து வளர்ந்தவனுக்கு மலை ஒத்துக்கலீன்னா கேக்கறவங்க சிரிப்பாங்களேங்க. எலுமிச்சம்பழத்த வாயில அடக்கிக்கிட்டே வருவேன். அப்படியும் நிக்காதுங்க. டிரைவரு அண்ணனுக்கு மட்டுந்தான் தெரியும். ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தற மாதிரி அங்க நிறுத்திக் குடுப்பாரு. நான் பின்னால போயிட்டு வந்துருவேன். மேல வந்ததும் வாய் நாறுமேன்னு பல்லு வெளக்கிருவேனுங்க.”

எனக்கு அப்போதுதான் முழுக்கதையும் தெரிந்தது. எலுமிச்சையின் புளிப்பு ஒரு பக்கம், வயிற்றுப் புளிப்பு ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்து பல்லை இளக்கி வைத்திருக்கிற நேரம் பார்த்து, முரட்டுப் பிரஷ்ஷால் பல்பொடி போட்டுத் தேய்த்திருக்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை மலையேறுகிறாரோ அத்தனை தடவை. சுத்தமாக இருக்க வேண்டும் என்ற நினைப்பே பல்லைத் தின்றுவிட்டது.

“அடக் கடவுளே, மாத்திரை போட்டுப் பார்க்கலையா?”

“போட்டேனுங்க. தூக்கமாத் தள்ளுது. நின்னுக்கிட்டே தூங்கி, நாலு பேருக்கு டிக்கெட்டு கிழிக்காம உட்டுப்போட்டேன். வேலைக்கே வேட்டு வெச்சுருமுங்க அது.”

“அப்ப பேசாம கீழே சமதளத்துல ஒரு ரூட்டு கேட்டு வாங்கிக்கங்க. வாந்தியும் நிக்கும், பல்லும் பிழைக்கும்.” வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் என்னிடம் வழி இருக்கிறது என்று நினைத்த வயசு அது.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “எம் பொண்டாட்டி தவறிப்போயி ரெண்டு வருசமாச்சுங்க. பொட்டப்புள்ளைக ரெண்டு. இந்த வண்டி ராத்திரி வாழவந்தியில ஹால்ட்டுங்க. அதுனால தினமும் ஊட்டுக்குப் போயி புள்ளைகளோட படுத்துக்கறேன். கீழ ரூட்டுன்னா ராத்திரி டிப்போவுலதான் படுக்கோணும். புள்ளைகள என்ன பண்றதுங்க? ஒண்ண குப்பனூர்ல எங்கண்ணன் ஊட்டுல உடோணும், ஒண்ண அதுக மாமன் ஊட்டுல உடோணும். அம்மாவுந்தான் இல்ல, அப்பனும் இல்ல, அக்கா தங்கச்சியும் பிரிஞ்சு கெடக்கோணுங்களா? எனக்கு மலை ஒத்துக்கலீன்னு டிப்போவுல தெரிஞ்சா அன்னிக்கே லைன மாத்திருவாங்க. பல்லு போனாப் போகட்டுமுங்க. நீங்க யாருகிட்டயும் சொல்லிராதீங்க.”

அன்றைக்குத்தான் அந்த ஆரஞ்சுப் பழத்து அம்மாள் என்னை ஏன் மேலும் கீழும் பார்த்தாள் என்று புரிந்தது. இவரிடம் போய் அரை மணி நேரம் பொறு என்று எப்படிச் சொல்வது? ஸ்டாண்டில் வண்டி நிற்பதே பத்து நிமிஷம். அதற்குள் வாய் நாற்றம் போக வேண்டும், பயணிகளிடம் குனிந்து பேச வேண்டும். பாடத்தில் இருக்கிற அரை மணி நேரம் இவருடைய பகல் பொழுதில் எங்குமே இல்லை.

யோசித்தேன். கடைசியில் ஆப்ப சோடாதான் கை கொடுத்தது. ஒரு டம்ளர் தண்ணீருக்கு அரை ஸ்பூன் கலந்து ஒரு பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள், வாந்தி எடுத்த உடனே அதில் கொப்பளித்துத் துப்புங்கள் என்றேன். புளிப்பை அது முறித்துவிடும், நாற்றமும் அடங்கும். பகலில் பிரஷ்ஷைத் தொடவே கூடாது. எலுமிச்சம்பழத்தைச் சப்பாமல் மோந்து மட்டும் பார்க்க வேண்டும். “ராத்திரி கடைசி வண்டி வந்து ஊட்டுக்குப் போயிச் சாப்பிட்டதுக்கப்புறம் அரை மணி நேரம் சும்மா இருங்க, அப்புறம் மிருதுவான பிரஷ்ஷில விளக்குங்க. அந்த ஒரு அரை மணி நேரமாவது எனக்குக் குடுங்க” என்றேன். சரி என்று போனார்.

சொன்னபடியே செய்தார். குழாயடியில் பல்பொடிக் காட்சி நின்றுபோனது. டீக்கடைக்காரர்கள் ‘பொண்ணு வேண்டான்னுட்டுது போல’ என்றார்கள். பல் கூச்சமும் கொஞ்சம் மட்டுப்பட்டது. நானும் சந்தோஷமாக இருந்தேன். மருத்துவர் சந்தோஷமாக இருக்கும்போதுதான் ஏதாவது ஒன்று வந்து தொலைக்கும்.

ஒரு நாள் பகலில், ஒரு ஹோட்டல் சமையல்காரருக்குப் பல் அடைத்துக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டாமல் பஸ் கம்பெனியின் செக்கிங் இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். ஐம்பது வயசிருக்கும், சேலத்துக்காரர். முகம் வெளிறி, நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. கோபம் தலைக்கேறி இருக்கிறது என்று நினைத்தேன். அவருக்குப் பின்னால் சின்னப்பன், தூக்கு மேடைக்குப் போகிறவர் மாதிரி நின்றார். சமையல்காரரைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொன்னேன். அவர் திறந்த வாயை மூடாமல், போக மனசே இல்லாமல் போனார்.

இன்ஸ்பெக்டர் என் மேஜைமேல் ஒரு பாட்டிலை டொக்கென்று வைத்தார். சப்பையான கால் பாட்டில். பிராந்தி வருமே, அதே பாட்டில். உள்ளே கலங்கலாகத் தண்ணீர்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னவள், எந்தப் பாட்டில் என்று சொல்லவில்லையே! உருண்டைப் பாட்டில் கண்டக்டர் பைக்குள் நிற்காது, சாய்ந்து டிக்கெட்டெல்லாம் நனைந்துவிடும். பைக்குள் அடங்குகிற சப்பைப் பாட்டிலாகத் தேடியிருக்கிறார். அந்தக் காலத்து ஏற்காட்டில் சப்பைப் பாட்டில் என்றால் அது ஒன்றுதான்.

“ஏனுங்க டாக்டரம்மா, இத நீங்க குடுத்தீங்கன்னு சொல்றான். நெசந்தானுங்களா?”

“ஆமாங்க. நான் சொல்லித்தான் வெச்சிருக்கார்.”

“கேளுங்க. இவன் குடிச்சுப்போட்டு வேலை பாக்கறான்னு ஒரு பாசஞ்சர் புகார் சொல்லிட்டாரு. இன்னிக்கு நானே அடிவாரத்துல ஏறிட்டேன். பதினாலாவது பெண்டுல டிரைவரு வண்டிய நிறுத்தறான், ரேடியேட்டரு சூடாயிருச்சாமா. இந்தக் குளுருல என்னங்க சூடு? இவன் எறங்கி வண்டிக்குப் பின்னால போறான். திரும்பி வந்து இந்தப் பாட்டில வாயில கவுத்தறான். போன மாசம் வரைக்கும் மேல வந்தா பல்லு வேற வெளக்குவானாமா. நீங்களே சொல்லுங்க. வாசன போகறதுக்கு இல்லாம, ஒரு மனுசன் எதுக்குங்க ஒரு நாளைக்கு அத்தன வாட்டி பல்லு வெளக்கோணும்?”

அவர் பக்கம் தப்பே சொல்ல முடியாது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன். வண்டிக்குப் பின்னால் போவது, பாட்டில், பல் விளக்கல், மூன்றும் சரியாகப் பொருந்துகிறது.

நான் டம்ளரை எடுத்தேன். பாட்டிலில் இருந்ததை ஊற்றி, வாயில் விட்டு, நன்றாகக் கொப்பளித்து, தொட்டியில் துப்பினேன். உப்புக் கரித்தது. “ஆப்ப சோடா தண்ணிங்க. உங்க ஊட்டு அடுப்படியிலயும் இருக்கும். பல் தேய்ஞ்சு கூசறதுக்குக் கொப்பளிக்கச் சொன்னேன்.”

அவரும் பாட்டிலை மோந்து பார்த்தார். கொஞ்சம் இறங்கினார், ஆனால் விடவில்லை. “சரிங்க. தண்ணின்னே வெச்சுக்குவோம். அப்ப அந்தப் பதினாலாவது பெண்டுல பின்னால எதுக்குப் போறான்?”

சின்னப்பன் என்னைப் பார்த்தார். வெளியே ஸ்டாண்டிலிருந்து டிரைவர் ஹாரன் அடித்தார். பஸ் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். உங்களுக்கு இப்படி ஒரு நிமிஷம் வராமல் போகாது. வாந்திதான் என்று நான் சொன்னால், குடிகாரன் என்ற பழி போய்விடும், ரூட்டும் போய்விடும், இரண்டு பெண் குழந்தைகள் இரண்டு ஊருக்குப் போவார்கள். சொல்லாமல் இருந்தால் வேலையே போய்விடும். வேறு ஏதாவது வியாதி என்று பொய் சொல்லலாம். பொய் என் வாயில் தயாராகவும் இருந்தது. ஆனால் அது எந்த நிமிஷமும் உடையும், உடைந்தால் அவரைத்தான் கிழிக்கும். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, அவர் மறைத்து வைத்ததை அவரைக் கேட்காமல் வெளியே எடுத்துப் போட எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

“இந்தாங்க சார்” என்றேன். “குடிக்கிறவங்க வாயை நான் தினமும் பார்க்கிறேன். இது அந்த வாய் இல்லை. உங்க மேனேஜர்கிட்டயே வந்து சொல்றேன், எங்க கூப்பிட்டாலும் வந்து சொல்றேன். மத்தது எதுவும் நான் சொல்ல மாட்டேன்.”

“எதையோ மறைக்கறீங்க.”

“ஆமாங்க, மறைக்கத்தான் செய்யறேன். நம்பித்தானே எங்ககிட்ட வாயைத் திறக்கறாங்க.”

இன்ஸ்பெக்டர் பாட்டிலைத் திரும்ப எடுத்தார். “அப்ப நான் பார்த்தத அப்படியே எழுதிக் குடுத்துட்டுப் போறேனுங்க. மேல இருக்கறவங்க பார்த்துக்கட்டும்.”

அப்போதுதான் சின்னப்பன் வாயைத் திறந்தார். “சார், டாக்டரம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க. நாந்தான் சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டேன். எனக்கு மலை ஒத்துக்கறதில்லீங்க சார். பதினாலாவது பெண்டுல வாந்தி வந்துரும். அதுக்குத்தான் பின்னால போறேன். பல்லு வெளக்குனதும் அதுக்குத்தான்.” அவர் கை கூப்பினார். “லைன மாத்தறதுன்னா மாத்திக்கங்க சார். குடிச்சேன்னு மட்டும் எழுதிராதீங்க. ரெண்டு பொட்டப்புள்ளைக இருக்குதுங்க. புள்ளைகள எங்கயோ ஒரு ஊட்டுல உட்டுக்கறேன். போற எடத்துல குடிகாரன் புள்ளைகன்னு யாரும் சொல்லக் கூடாதுங்க சார்.”

ஹாரன் மறுபடி அடித்தது. இன்ஸ்பெக்டர் மெதுவாக என் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எறங்கும்போது?” என்று கேட்டார்.

“எறங்கும்போது ஒண்ணும் பண்றதில்லீங்க சார். ஏறும்போதுதான். பதினாலு.”

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “எனக்குப் பதினொண்ணு” என்றார்.

எங்கள் இரண்டு பேருக்கும் முதலில் விளங்கவில்லை.

“பதினொண்ணாவது பெண்டுப்பா! அதைத் தாண்டவே தாண்டாது. இன்னிக்கு முன்சீட்டு ஜன்னல்ல தலைய வெளிய உட்டுக்கிட்டு வந்தேனே, எதுக்குன்னு நெனச்ச?”

“என்னைய சைடு கண்ணாடியில பார்க்கறீங்கன்னு நெனச்சேனுங்க சார்.”

நான் சிரித்துவிட்டேன். அடக்கவே முடியவில்லை. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அழாத குறையாக நின்ற மனிதரும் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. விறைப்பாக எழுந்து நின்று, “புகார்ல உண்மை இல்லன்னு சொல்லிக்கறேன். வாந்தி சமாச்சாரம் எனக்குத் தெரியாது, நீ சொல்லவும் இல்ல” என்றார். “இனிமே டிக்கெட்டயெல்லாம் அடிவாரத்துலயே முடிச்சுரு. மேல ஏறறவங்களுக்கு நேராப் பாத்துக்கிட்டே கிழி. குனிஞ்சீன்னா கொடலப் பொரட்டத்தான் செய்யும். அப்புறம் மொதல்ல அந்தப் பாட்டில மாத்தித் தொலை!” வாசல் வரை போனவர் நின்று, குரலைத் தாழ்த்தி, “டாக்டரம்மா, அந்தச் சோடா அளவு எவ்வளவுன்னு சொன்னீங்க?” என்றார். சொன்னேன்.

பல் விஷயத்தில் நான் பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை. தேய்ந்தது தேய்ந்ததுதான், வளர்ந்து வரப்போவதில்லை. இரண்டு பல்லுக்கு உறை போட்டோம். மிச்சம் அதற்குமேல் தேயாமல் நின்றது. வாந்தி முழுக்க நிற்கவில்லை, குனியாமல் டிக்கெட் கிழிக்க ஆரம்பித்தபின் குறைந்தது.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, பக்கத்து வீட்டு அம்மாளோடு அவருடைய பெரிய பெண் ஸ்டெல்லா வந்தாள். பத்து வயசிருக்கும். பால்பல் ஒன்று விழ மாட்டேன் என்று அடம்பிடித்து, அதன் மேலேயே புதுப்பல் முளைத்துக்கொண்டிருந்தது. எடுத்துவிட்டு, வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்டேன்.

“ராத்திரி எப்ப கண்ணு பல்லு வெளக்குவே?”

வாயில் பஞ்சோடு, ஆனாலும் தெளிவாகச் சொன்னாள். “அப்பா சாப்பிட்டு அரை மணி நேரங் கழிச்சுங்க.”

“அப்பாவுக்குத்தானே அரை மணி நேரம் சொன்னேன். நீங்க ரெண்டு பேரும் எதுக்குக் காத்திருக்கறீங்க?”

அவள் பஞ்சை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். “முந்தியெல்லாம் அப்பா வந்து சாப்பிட்டாருன்னா ஒடனே பல்லு வெளக்கிட்டுப் படுத்துக்குவாருங்க. அலுப்பா இருக்கு கண்ணு, நாளைக்குப் பேசலாம்பாரு. இப்ப அரை மணி நேரம் வெளக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லிட்டீங்களாமா. அதனால சும்மா உக்காந்திருக்காரு. தங்கச்சி அவரு மடியில படுத்துக்குவா. பள்ளிக்கூடத்துல நடந்ததெல்லாம் கேப்பாரு. பஸ்ஸுல வந்தவங்க மாதிரியெல்லாம் பேசிக் காட்டுவாரு. நாங்க நொம்பச் சிரிப்போமுங்க. அப்புறம் நேரமாயிருச்சும்பாரு, மூணு பேரும் போயி வெளக்கிட்டுப் படுத்துக்குவோமுங்க.”

சரி என்று தலையை ஆட்டி, வேறு பஞ்சு வைத்துக் கடிக்கச் சொன்னேன். அவள் கடிக்கவில்லை. வெளியே நின்ற பக்கத்து வீட்டு அம்மாளுக்குக் கேட்காதபடி என் காதருகே வந்தாள்.

“டாக்டரம்மா, அப்பாகிட்ட அதை ஒரு மணி நேரம்னு சொல்லிப்போடுங்களேன்.”

அடுத்த வாரம் உறை போட்ட பல்லைக் காட்ட வந்தபோது சின்னப்பனிடம் அப்படியே சொல்லி அனுப்பினேன். பல்லுக்கும் அது நல்லதுதான்.